சித்திரைக்கு வரும் புது உபுண்டு: சண்முகத்துக்கு ஒரு கடிதம்

ஈரோடு
1.3.2026

அன்புள்ள மாப்பிள்ளை சண்முகத்துக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. வாட்ஸ்அப்பில் ஒரு வரி தட்டியிருந்தால் போதும். நீ இன்னும் தாளும் பேனாவுமாக எழுதுகிறாய், அதனால் நானும் எழுதித்தான் தீர வேண்டியிருக்கிறது.

அத்தைக்கு முட்டிவலி குறைந்ததில் மகிழ்ச்சி. தோப்பை வெள்ளை ஈ விட்டபாடில்லை என்று எழுதியிருந்தாய். பொள்ளாச்சிப் பக்கம் யாரைக் கேட்டாலும் ஒன்று வெள்ளை ஈ, இல்லாவிட்டால் வேர் வாடல். இங்கே தம்பி மஞ்சள் வெட்டி முடித்து வேகவைத்துக்கொண்டிருக்கிறான். விலையைப் பற்றி அவனிடம் யாரும் வாய் திறப்பதில்லை.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஏப்ரலில் வரப்போகும் லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டு 26.04-ஐப் பற்றி ஒரு பக்கம் நிறைய ஆசையோடு எழுதியிருந்தாய். உன் பள்ளி ஆய்வகத்தில் போடலாமா, என் அச்சகத்தில் நான் என்ன செய்யப்போகிறேன் என்றும் கேட்டிருந்தாய். இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு வேறு வழியில்லை.

கடந்த அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாப்ட் விண்டோஸ் 10-ஐக் கைகழுவிவிட்டது. 2015 ஜூலையில் வந்தது, பத்தாண்டு உழைத்தது, குறை சொல்ல முடியாது. சரி, 11-க்குப் போகலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டுமாம், இன்டெல் செயலி என்றால் எட்டாம் தலைமுறைக்குக் குறையக் கூடாதாம். என் கடையில் இருப்பவை ஆறும் ஏழும். காலையில் போட்டால் இரவு வரை முணுமுணுக்காமல் ஓடுகிற இயந்திரங்களைத் தூக்கிப்போடு என்று சொன்னால் எனக்கு ஒத்துவராது. நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் வரும் அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். அதற்குள் மாறியாக வேண்டும்.

அந்தப் பக்கம் இப்போது பெருமையாகக் காட்டுகிற புதுமை என்னவென்று பார்த்தாயா? ரீகால் என்று ஒன்று. சில நொடிக்கு ஒருமுறை உன் திரையைப் படம்பிடித்து வைத்துக்கொண்டு, பிறகு நீ கேட்கும்போது தேடிக் கொடுக்கும். 2024 மே மாதம் அறிவித்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் பின்வாங்கி, விருப்பப்பட்டவர் மட்டும் போட்டுக்கொள்ளலாம் என்று மாற்றி, 2025 ஏப்ரலில்தான் வெளியிட்டார்கள். புதிய ரகக் கணினிகளுக்குத்தான் அது. என் பழசுகளை அண்டாது. ஆனாலும் என் கடைக்கு வருகிறவர்கள் ஆதார் நகல், ஜாதகம், பத்திரத்தின் ஒளிநகல் என்று என்னவெல்லாம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்! அதையெல்லாம் ஓயாமல் படம்பிடித்து வைக்கிற ஒரு யோசனை எப்படித்தான் ஒருவருக்கு வசதியாகத் தோன்றியதோ.

புதிய அம்சங்கள் என்ற பேச்சு எடுத்தாலே எனக்கு விண்டோஸின் அடுத்த பதிப்பாக ஒரு காலத்தில் பேசப்பட்ட லாங்ஹார்ன்தான் நினைவுக்கு வருகிறது. நாம் இருவரும் கணினிப் பத்திரிகைகளை மாற்றி மாற்றிப் படித்த காலம். கோப்புகளைச் சேமிக்கும் புது முறையான வின்எஃப்எஸ் வரப்போகிறது, இனிக் கோப்பு எந்த அடைவில் இருக்கிறது என்று தேட வேண்டியதே இல்லை என்று நீ மேசையைத் தட்டிப் பேசினாய். 2004 ஆகஸ்டில் அதை எடுத்துவிட்டோம் என்று அறிவித்தார்கள். லாங்ஹார்ன் விஸ்டாவாகிப் பொதுமக்கள் கைக்கு வந்தது 2007 ஜனவரியில். அதன் பிறகு வருவதாகச் சொல்கிறவற்றை நான் எண்ணுவதில்லை. எதை எடுக்கப்போகிறார்கள் என்பதை முதலில் பார்ப்பேன். வராத வசதியால் கடையில் எந்த வேலையும் நிற்பதில்லை. இருந்தது காணாமல் போனால்தான் மறுநாள் வாடிக்கையாளர் வாசலில் நிற்பார்.

அந்தக் கண்ணோடு பார்த்தால், இந்த முறை எடுக்கப்படுவது சாதாரணப் பொருள் அல்ல. எக்ஸ்11. 1984-இல் எம்ஐடியில் பிறந்து, 1987-இலிருந்து பதினொன்றாம் பதிப்பாகவே நின்றுவிட்ட திரை அமைப்பு. உபுண்டுவின் திரை முகப்பான க்னோமின் 49-ஆம் பதிப்பிலேயே அதை ஓரங்கட்டிவிட்டார்கள். சென்ற அக்டோபரில் வந்த உபுண்டு 25.10-இல் உள்நுழையும் இடத்தில் எக்ஸ் என்ற தேர்வே இல்லை. இந்த மாதம் வரவிருக்கும் க்னோம் 50-இல் அடிவேரோடு போகிறது. அதுதான் 26.04-இல் இருக்கப்போகிறது. இனி எக்ஸின் இடத்துக்கு வந்த புதிய திரை அமைப்பான வேலாண்ட் மட்டும்தான். பழைய மென்பொருள்களுக்கு எக்ஸ்வேலாண்ட் என்று ஒரு திண்ணை விட்டுவைத்திருக்கிறார்கள், வீட்டுக்குள் விடமாட்டார்கள்.

உனக்கு இது பெரிதாகத் தெரியாது. எனக்கு எங்கே இடிக்கிறது என்று சொல்கிறேன். கடையில் ஒரு கணினியில் ஏற்கெனவே உபுண்டு 24.04 போட்டிருக்கிறேன், பக்க வடிவமைப்பு மென்பொருளான ஸ்கிரைபஸில் கல்யாணப் பத்திரிகை வேலை நடக்கிறது. 1.6 பதிப்பு 2024-இல் வந்தபோதுதான் அதன் நிலையான பதிப்பில் யூனிகோடு தமிழ் ஒழுங்காக உட்கார்ந்தது. அதற்கு முன்னால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். நம் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகை எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும். மேலே பிள்ளையார் சுழி, குலதெய்வம் துணை, பிறகு "நிகழும் மங்களகரமான" என்று தொடங்கும் நீண்ட வரி, அப்புறம் பெரியப்பா, சித்தப்பா, மாமன்மார், அவரவர் ஊர், கூட்டம் என்ற குலப்பிரிவு. பாதிக்கு மேல் எல்லாப் பத்திரிகைக்கும் பொதுவான வரிகள். டிடிபி பார்க்கும் பையன் எக்ஸ்டூடூல் என்ற கருவியை வைத்துச் சின்ன நிரல் எழுதியிருக்கிறான். எஃப்9 விசையைத் தட்டினால் "நிகழும் மங்களகரமான விசுவாவசு வருடம்" என்று தானாகவே அடித்துக்கொண்டு போய், மாதத்துக்கு இடம் விட்டு நிற்கும். சித்திரை பிறந்ததும் விசுவாவசுவைப் பராபவ என்று மாற்றினால் போதும் என்றிருந்தான். மாற்ற வேண்டியது நிரலையே என்று ஆகிவிட்டது. வேலாண்ட் சாளரங்களுக்குள் அந்தக் கருவியால் ஓர் எழுத்துக்கூட அடிக்க முடியாது.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. காரணத்தைப் படித்த பிறகு வாயடைத்துப் போனேன். எக்ஸில் ஒரு நிரல் இன்னொரு நிரலின் விசைகளை ஒட்டுக்கேட்கலாம், அதன் சாளரத்தில் தானே தட்டச்சும் செய்யலாம், திரையையும் படம் எடுக்கலாம். யாரும் தடுப்பதில்லை. நீ வங்கிக் கடவுச்சொல் அடிப்பதைப் பக்கத்துச் சாளரத்தில் ஓடும் ஏதோ ஒரு விளையாட்டு கேட்டுக்கொண்டிருக்கலாம். எங்கள் எஃப்9 வேலை செய்ததே அந்த ஓட்டை வழியாகத்தான். ரீகாலைத் திட்டிவிட்டு இதைக் கட்டிக்கொண்டு அழ முடியுமா? அவர்கள் மூடுவது நியாயம்தான். எனக்கு வேண்டியது இன்னொரு வழி, அவ்வளவே.

வழி இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். உள்ளீட்டு மென்பொருளான ஐபஸில் நாம் போடும் தமிழ்99 விசைப்பலகை எம்17என் என்ற தொகுப்பிலிருந்து வருகிறது. அதன் விதிகளெல்லாம் சாதாரண உரைக்கோப்பில் இருக்கின்றன. திறந்து படிக்கலாம், நம் விதிகளையும் சேர்க்கலாம். "நிம" என்று அடித்து ஒரு குறியைத் தட்டினால் முழு வரியும் விரியும்படி அதிலேயே எழுதிவிடலாம் என்று பையன் சொல்கிறான். அது உள்ளீட்டு முறை வழியாகப் போவதால் வேலாண்ட் தடுக்காது. அந்தக் கோப்பின் அடைப்புக்குறிகளைப் பார்த்ததும் எனக்குக் கண் கட்டிவிட்டது. உன் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் என்பதால் இந்தக் கடிதத்தோடு அச்செடுத்து வைத்திருக்கிறேன்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பிடிஎஃப் பார்க்கும் எவின்ஸ் போய் பேப்பர்ஸ் என்று ஒன்று வந்திருக்கிறது, படம் பார்க்க லூப், கட்டளைகளைத் தட்டும் முனையத்துக்கு டிக்ஸிஸ். பெயர்களை யார் வைக்கிறார்களோ தெரியவில்லை. வேலாண்டில் வண்ண மேலாண்மைக்கான நெறிமுறை 2025-இல்தான் சேர்ந்தது. திரையில் தெரியும் குங்குமச் சிவப்பு தாளில் செங்கல் நிறமாக வருவது ஓரளவு குறைந்தால்கூட எனக்கு லாபம். பதிப்புக்கு வைத்திருக்கும் பெயர் உறுதியான ரக்கூன் என்று பொருள்படும். ரக்கூனை நம் பக்கம் பார்த்தவர் யார்? மரநாய் என்று வைத்துக்கொள்.

உன் மாணவர்களுக்குச் சொல்ல ஒரு நல்ல விஷயம் உண்டு. சூடோ, எல்எஸ், சிபி போன்ற அடிப்படைக் கட்டளைகளை சி மொழியிலிருந்து ரஸ்ட் என்ற நிரல்மொழியில் புதிதாக எழுதி 25.10-இல் போட்டுப் பார்த்தார்கள். நினைவகத்தைக் கையாளும்போது வருகிற ஒரு வகைப் பிழைகள் ரஸ்டில் தொடக்கத்திலேயே தடுக்கப்படும் என்பது காரணம். நல்ல காரணம். ஆனால் வெளியான சில நாட்களிலேயே புது ‘டேட்’ கட்டளை வாரிவிட்டது. ஒரு கோப்பு கடைசியாக எப்போது மாறியது என்று கேட்டால் இப்போது மணி என்ன என்று சொன்னது. அதை நம்பியிருந்த தானியங்கிப் புதுப்பிப்பு, "இப்போதுதானே பார்த்தோம்" என்று நினைத்துச் சில கணினிகளில் புதுப்பிப்பைத் தேடுவதையே நிறுத்திவிட்டது. உடனே சரிசெய்துவிட்டார்கள். இடைப்பட்ட பதிப்புகள் இப்படி அடிபடுவதற்காகவே இருக்கின்றன. ஐந்தாண்டு ஆதரவுள்ள 26.04-இல் இது வராமல் இருக்கத்தான் அங்கே வந்தது. கடவுச்சொல் அடிக்கும்போது நட்சத்திரக்குறி தெரியப்போகிறது என்றும் சொல்கிறார்கள். லினக்ஸ் மின்டில் நெடுங்காலமாக இருப்பதுதான். முனையத்தில் ஒன்றும் தெரியவில்லை, விசைப்பலகை கெட்டுவிட்டது என்று ஆய்வகத்தில் பிள்ளைகள் கை தூக்குவது நின்றால் உனக்கு நிம்மதி.

எந்த இயங்குதளம் வந்தாலும் தீராத தொல்லை ஒன்று என்னிடம் இருக்கிறது. பேஜ்மேக்கர் 7-இல் போட்ட பழைய பத்திரிகைகள் இன்னும் மூலையில் உள்ள எக்ஸ்பி கணினியில், இணையம் தொடாமல் கிடக்கின்றன. அக்கா கல்யாணத்துக்கு அடித்த குடும்பம் தங்கை கல்யாணத்துக்கும் வரும், "அதே மாதிரி போட்டுவிடுங்கள்" என்பார்கள். எடுத்து யூனிகோடுக்கு மாற்றினால் கௌசல்யாவில் பிடிக்கும் வினை. பழைய எழுத்துருக்களில் ஔகாரக் குறியின் பின்பாதிக்கும் ளகரத்துக்கும் ஒரே விசை, ஒரே வடிவம். மாற்றி எடுத்தால் கணினி அதை கெ, ள என்று இரண்டு எழுத்தாகப் படித்து "கெளசல்யா" என்று வைக்கும். தாளில் அடித்தால் வித்தியாசமே தெரியாது. பெயரைத் தேடிப் பார், கிடைக்காது. வாய்விட்டுப் படிக்கும் மென்பொருளிடம் கொடு, கெ-ள-சல்யா என்று படிக்கும். பெரியார் இதே ஈரோட்டில் இருந்து 1935-இல் குடிஅரசில் எழுத்துகளைச் சீர்திருத்தியபோது ஐ, ஔ இரண்டையும் அய், அவ் என்றுதான் எழுதச் சொன்னார். 1978-இல் அரசு ணை, லை, றா போன்றவற்றின் புது வடிவங்களை ஏற்றுக்கொண்டு அந்த இரண்டை மட்டும் விட்டுவிட்டது. கவுசல்யா என்று ஆகியிருந்தால் என் வேலை பாதியாகக் குறைந்திருக்கும். பெண்ணின் அப்பா ஒத்துக்கொள்வாரா என்பது வேறு.

இனி எப்போது மாறுவது என்ற கேள்வி. வெளியீடு ஏப்ரல் 23, வியாழக்கிழமை, சித்திரை 10. முகூர்த்தக் காலம், போதாததற்குத் தேர்தலும் வருகிறது. தேர்தல் துண்டறிக்கையில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இல்லாவிட்டால் சட்டம் என்னைத்தான் பிடிக்கும். அந்த நேரத்தில் கணினியைக் கலைத்துப்போட்டு உட்கார எனக்குப் பைத்தியமா? ஆகஸ்டில் முதல் திருத்தப் பதிப்பான 26.04.1 வரும். 24.04-இலிருந்து மாறலாம் என்ற அறிவிப்பே அதற்குப் பிறகுதான் திரையில் தோன்றும். அது ஆடி மாதம். ஜவுளிக்கடைகளின் ஆடித் தள்ளுபடி நோட்டீஸெல்லாம் ஆடி பிறக்கும் முன்பே அடித்து அனுப்பியிருப்போம், கல்யாணம் கிடையாது, இயந்திரங்கள் சும்மா இருக்கும். அப்போது எல்லாவற்றையும் மாற்றிவிடுவதாக இருக்கிறேன்.

உன் ஆய்வகத்துக்கும் அதுவே நல்லது என்பேன். ஆனால் மார்ச் கடைசியில் சோதனைப் பதிப்பான பீட்டா வருகிறது. ஒதுக்கிப்போட்ட கணினி ஒன்றில் நீ அதைப் போட்டுப் பார்க்காமல் இருக்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும். போடும்போது தமிழ்99-ஐ ஸ்கிரைபஸிலும் லிப்ரே ஆபீஸிலும் அடித்துப் பார். "நிம" விரிகிறதா என்று பார். உங்கள் பள்ளியின் பழைய லேசர் பிரின்டரும் என் கடையில் இருப்பதும் ஒரே நிறுவனத்துடையவைதானே, அது வாய் திறக்கிறதா என்றும் பார்த்து எழுது. மூன்றும் சரியென்றால் ஆடி முதல் ஞாயிறு இங்கே வந்துவிடு, சேர்ந்தே போட்டுவிடலாம். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்
கந்தசாமி

பி.கு.: லினக்ஸின் உட்கருவான கெர்னலில் 6.19-க்கு அடுத்து 7.0 என்று வருவதைப் பார்த்துப் பெரிய மாற்றம் என்று வகுப்பில் சொல்லிவிடாதே. 3.19-க்குப் பிறகு 4.0, 4.20-க்குப் பிறகு 5.0, 5.19-க்குப் பிறகு 6.0. எண்ணுவதற்குக் கைவிரலும் கால்விரலும் தீர்ந்துபோனதுதான் காரணம் என்று 5.0 வந்தபோது லினக்ஸை உருவாக்கிய டோர்வால்ட்ஸே சொன்னார்.