லேப்டாப் சர்வீஸ் கடைக்காரர்களுக்கு: பழைய டிஸ்க்கை ஃபார்மட் அடிக்கும் முன் ஒரு குரல் கொடுங்கள்

லேப்டாப் சர்வீஸ் கடைகளில் வேலை பார்க்கும் அண்ணன், தம்பி, தங்கைகளுக்கு,

வணக்கம். முதலில் நன்றி. ஆன் பண்ணிவிட்டு அரிசி களைந்து உலையில் போட்டு வந்தாலும் திறக்காமல் சுற்றிக்கொண்டிருந்த என் லேப்டாப்பை, எஸ்எஸ்டி போட்டு ஓட வைத்தது உங்களில் ஒருவர்தான். 1 டிபி ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி 256 ஜிபி எஸ்எஸ்டி மாட்டினார். பழைய டிஸ்க்கை ஒரு யூஎஸ்பி கேஸில் போட்டு, “எக்ஸ்டர்னலா வச்சுக்கோங்கக்கா, ஃபுல்லா க்ளீன் பண்ணிட்டேன்” என்று கையில் கொடுத்தார். நானும் சந்தோஷமாக வாங்கி வந்தேன்.

அந்த ‘ஃபுல்லா க்ளீன்’ என்றால் என்ன என்பது போன மாதம்தான் புரிந்தது.

அக்கா பையன் கல்லூரியில் சேர்ந்திருக்கிறான். லேப்டாப்பை அவனுக்குக் கொடுத்துவிடலாம், வாங்கிய அன்று இருந்தபடி ஆக்கிக் கொடுப்போம் என்று நினைத்தேன். கம்பெனிக்கு ஒரு பட்டன் வைத்திருக்கிறார்களே, எஃப்9, எஃப்11, ஆல்ட்டும் எஃப்10-ம் சேர்த்து என்று. என் மாடலுக்கு உரியதை அழுத்திப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. சரி என்று பென் டிரைவில் விண்டோஸை இறக்கிப் புதிதாகவே போட்டேன். அதில் சிக்கல் இல்லை. விண்டோஸ் 8 வந்த 2012-க்குப் பிறகு, விண்டோஸோடு விற்கப்பட்ட லேப்டாப்களில் பெரும்பாலும் சாவி எண் மதர்போர்டு சிப்பிலேயே இருக்கிறது, தானாக ஆக்டிவேட் ஆகிவிட்டது. ஆனால் கைரேகை ரீடர் செத்துக் கிடந்தது. திரை வெளிச்சத்தைக் கூட்டும் பட்டனும் வேலை செய்யவில்லை. இவற்றை இயக்கும் மென்பொருளான டிரைவரைத் தேடித் தயாரிப்பாளரின் தளத்துக்குப் போனால், என் மாடலையே எடுத்துவிட்டிருந்தார்கள்.

அப்போதுதான் பழைய டிஸ்க் ஞாபகம் வந்தது. வாங்கிய அன்றைய விண்டோஸையும் டிரைவர்களையும் கம்பெனி ஒளித்து வைத்திருக்கும் தனிப் பகுதி, அதாவது ரெகவரி பார்ட்டிஷன், அதில் இருந்திருக்குமே!

கேஸைச் செருகினேன். எக்ஸ்ப்ளோரரில் ஒரே ஒரு டிரைவ்தான் தெரிந்தது. அதில் ஆச்சரியம் இல்லை. ரெகவரி பார்ட்டிஷனுக்குப் பெரும்பாலும் டிரைவ் எழுத்தே கொடுக்க மாட்டார்கள், அங்கே தேடினால் கிடைக்காது. டிஸ்க்கின் எல்லாப் பகுதிகளையும் காட்டும் டிஸ்க் மேனேஜ்மென்டை விண்டோஸில் திறந்து பார்த்தேன். ஆரம்பம் முதல் கடைசி வரை 931 ஜிபிக்கு ஒரே நீலப் பட்டை. ஒளிந்திருந்தால் இங்கே தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை. அப்புறம் டிஸ்க்பார்ட் கமாண்டிலும் பட்டியல் போட்டுப் பார்த்தேன், அதே கதைதான். இருந்த பார்ட்டிஷன்களை எல்லாம் அழித்து ஒன்றாக்கி ஃபார்மட் அடித்திருக்கிறார் தம்பி.

நீங்கள் இந்த இடத்தில் “போச்சுக்கா” என்று கைவிரித்திருப்பீர்கள். நானும் பாதி அப்படித்தான் இருந்தேன். ஆனால் க்விக் ஃபார்மட் என்பது வீட்டை இடிப்பதில்லை, வாசலில் இருக்கும் பெயர்ப் பலகையை மாற்றுவதுதான். கம்பெனியின் ரெகவரி பார்ட்டிஷன் பெரும்பாலும் டிஸ்க்கின் கடைக்கோடியில் இருக்கும். நான் அந்த டிஸ்க்கில் போட்டு வைத்திருந்தது கல்யாண வீடியோக்களும் கணக்கு ஃபைல்களுமாக ஒரு 300 ஜிபி. அவை கடைசி வரை போயிருக்க வாய்ப்புக் குறைவு. டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருளை ஓட விட்டேன். கறுப்புத் திரையில் எழுத்து ஓடும் பழங்காலத்துச் சாமான்தான், ஆனால் கெட்டிக்காரச் சாமான். க்விக் சர்ச்சில் கிடைக்கவில்லை. டீப்பர் சர்ச்சைப் போட்டுவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் பட்டியலின் அடியில் அந்தப் பழைய பார்ட்டிஷன்! ‘பி’ அழுத்தினால் உள்ளே இருக்கும் ஃபைல்கள் தெரிந்தன. ‘சி’ அழுத்தி வேறொரு டிரைவுக்கு நகல் எடுத்தேன். ரைட், அதாவது ‘எழுதவா’ என்று ஒன்று கேட்கும், அதன் பக்கமே போகவில்லை. பார்ட்டிஷன் அட்டவணையைத் திருப்பி எழுதினால் இப்போது இருக்கும் 300 ஜிபி தகராறு பண்ணும்.

இவ்வளவு செய்தும் ரெகவரி பட்டன் வேலை செய்யாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பட்டன் தேடுவது லேப்டாப்புக்கு உள்ளே இருக்கும் டிஸ்க்கை. யூஎஸ்பி கேஸில் இருக்கும் பார்ட்டிஷனை அது சீண்டாது. “அதான் பழைய டிஸ்க் உங்ககிட்டயே இருக்கேக்கா” என்று நீங்கள் சொல்லும் ஆறுதல் அதனால் பாதிதான் உண்மை. எனக்கு உதவியது உள்ளே இருந்த பெரிய விம் ஃபைல், விண்டோஸை மொத்தமாகச் சுருட்டி வைத்திருக்கும் மூட்டை. 7-ஜிப்பில் திறந்து, விண்டோஸ் ஃபோல்டருக்குள் டிரைவர்கள் இருக்கும் டிரைவர்ஸ்டோரைத் தோண்டி எடுத்து, டிவைஸ் மேனேஜருக்கு அந்த ஃபோல்டரைக் காட்டினேன். கைரேகை ரீடர் எழுந்து உட்கார்ந்துவிட்டது. வெளிச்சப் பட்டனும்.

என் அதிர்ஷ்டம், டிஸ்க் நிரம்பவில்லை. நிரப்பி வைத்திருக்கும் இன்னொருவருக்கு இது நடந்திருக்காது.

உங்கள் சங்கடம் எனக்குத் தெரியும். 1 டிபியை 256 ஜிபிக்குள் அச்சு அசலாக நகலெடுக்க, அதாவது குளோன் பண்ண முடியாது, புதிதாக ஓஎஸ் போடுவதுதான் வேகம். வாசலில் நாலு பேர் காத்திருப்பார்கள். முன்பெல்லாம் பெட்டிக்குள் ரெகவரி டிவிடி வைத்துக் கொடுத்த தயாரிப்பாளர்கள் அதை நிறுத்திவிட்டு, டிஸ்க்கின் மூலையில் ஒளித்து வைத்ததில் அவர்கள் தப்பும் இருக்கிறது. ஆனால் உங்களில் பலர் இரண்டு விதமான ரெகவரி பார்ட்டிஷன்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்கள். விண்டோஸின் சொந்த ரெகவரி சில நூறு எம்பி, ஓஎஸ் புதிதாகப் போட்டால் அதுவும் தானாக வந்துவிடும். குளோன் பண்ணிய பிறகு அது அணைந்து கிடந்தால், ரீஏஜென்ட்சி கமாண்டில் நிலையைப் பார்த்து எனேபிள் பண்ணினாலே பெரும்பாலும் போதும். கம்பெனியின் ரெகவரி அப்படியல்ல, பத்து இருபது ஜிபி இருக்கும், போனால் திரும்பக் கிடைப்பது கஷ்டம்.

சின்னதையும் அலட்சியமாக நினைக்க வேண்டாம். 2024 ஜனவரியில் விண்டோஸ் 10-க்கு வந்த கேபி5034441 அப்டேட், அந்தப் பார்ட்டிஷனில் 250 எம்பி காலி இடம் இல்லாமல் எத்தனை கம்ப்யூட்டர்களில் முட்டி நின்றது! 80070643 என்று முடியும் பிழை எண்ணோடு உங்கள் கடைக்கும் ஆட்கள் வந்திருப்பார்கள்.

இன்னொன்று, இடைச்செருகலாக. சில யூஎஸ்பி கேஸ்கள் டிஸ்க்கின் செக்டார் அளவை, அதாவது தகவலை எழுதும் சின்னத் துண்டின் அளவை, 4096 பைட் என்று மாற்றிக் காட்டும். அதே டிஸ்க்கைக் கேஸிலிருந்து கழற்றி நேராக மாட்டினால் பார்ட்டிஷனே இல்லாத மாதிரி தெரியும், விண்டோஸும் ஃபார்மட் பண்ணவா என்று கேட்கும். சரி என்று சொல்வதற்கு முன் பழைய கேஸிலேயே திரும்பப் போட்டுப் பாருங்கள்.

நான் கேட்பது பெரிய வேலை இல்லை. டிஸ்க்கைக் கழற்றும் முன் டிஸ்க் மேனேஜ்மென்டை உங்கள் போனில் ஒரு படம் எடுத்து எங்களுக்கு அனுப்பிவிடுங்கள். விண்டோஸிலேயே ரெகவரி டிரைவ் உருவாக்கும் வசதி இருக்கிறது, சிஸ்டம் ஃபைல்களும் சேரட்டும் என்று டிக் போட்டு 32 ஜிபி பென் டிரைவில் எடுத்துக் கொடுங்கள். பென் டிரைவுக்கும் உங்கள் நேரத்துக்கும் பில் போடுங்கள், கேட்டால் கொடுக்க மாட்டோமா? பழைய டிஸ்க்கைக் கேஸில் போடும்போது, “கடைசியில ரெகவரி இருக்கு, வைக்கவா எடுக்கவா?” என்று மட்டும் கேளுங்கள்.

அடுத்த வாரம் என் உடன்பிறந்த தம்பியின் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அதே கடைக்குத்தான் வருகிறேன். பென் டிரைவை நானே கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
உங்கள் வாடிக்கையாளர் ஒருத்தி