வாலைப் பாருய்யா

எய்யா,

நீ குன்னூர்ல எடுத்து வாட்ஸப்புல போட்ட குருவி வீடியோவ பாத்தேன், ஒங்கப்பா பக்கத்துல இருந்து எட்டிப் பாத்துட்டு "நம்ம பனங்காட்டுல பறக்குத பனை உழவாரன்தான், குன்னூர் வரைக்கும் போயிருக்கு பாரு"ன்னு சொல்லிட்டு கடைக்குப் போயிட்டாவ, ஆனா எனக்கு அப்பிடி தெரியலய்யா, அது ஸ்விஃப்ட்லெட்டுன்னு உழவாரன்லயே வேற ஒரு சாதின்னு நெனைக்கேன்.

சாயல் ஒண்ணுதான், இல்லன்னு சொல்லல. ரெண்டும் மங்கின பழுப்பு, கோயில் மண்டபத்துல கூட்டமா சுத்துமே நாட்டு உழவாரன், அதுக்கு இருக்க மாதிரி வாலுக்கு மேல வெள்ளைப் பட்டையும் கெடையாது. பனை உழவாரன் 13 செ.மீ., ஸ்விஃப்ட்லெட்டு 12 செ.மீ., இத வானத்துல எவன் டேப் வச்சு அளக்கப் போறான்?

வாலைத்தான் பாக்கணும். பனை உழவாரனுக்கு ஒடம்பு ஒல்லி, வால் நீளம், ஆழமா பிளந்து இருக்கும், ஆனா நேரா பறக்கையில அத சேத்து மூடிக்கிடும், பின்னால ஊசி நீட்டிட்டு இருக்க மாதிரிதான் தெரியும், சட்டுன்னு திரும்புது பாரு, அப்பதான் அந்தப் பிளவு கவையா விரியும். ஒன் வீடியோவுல இருக்கதுக்கு வால் கட்டை, நுனியில லேசா ஒரு வெட்டு, அவ்ளோதான், ஒடம்பும் கொஞ்சம் பருமன். அதான் ஸ்விஃப்ட்லெட்டுங்கேன், மேற்குத் தொடர்ச்சி மலையிலயும் இலங்கையிலயும் உள்ள சாதி.

பனை உழவாரன் காஞ்சு தொங்குத காவோலைக்கு அடியில பஞ்சையும் றெக்கையையும் எச்சில வச்சு ஒட்டி கூடு வைக்கும். நம்ம ஊரு திசையன்விளை காத்து ஒனக்குத் தெரியாததா, அந்த ஆட்டத்துலயும் அது ஒட்டிக்கிட்டு கெடக்கு! அதுக்குத்தான் பனையேற வாறவங்ககிட்ட காவோலைய மொத்தமா கழிச்சிராதீயன்னு நான் சண்டை போடுதது, ஒங்கப்பாவுக்கு மரம் பாக்க அசிங்கமா இருக்காம்.

ஸ்விஃப்ட்லெட்டும் எச்சில்லதான் கட்டும், ஆனா குகைக்குள்ள, பாசி றெக்கை எல்லாம் கலந்து. உள்ள கும்மிருட்டா இருக்கும்லா, டக்கு டக்குன்னு சத்தம் குடுத்து எதிரொலிய கேட்டே வழி கண்டுபிடிச்சிரும், நம்ம பனை உழவாரனுக்கு இந்த வித்தை தெரியாது. அதுக்காக மலைன்னா இது, பனங்காடுன்னா அதுன்னு எடத்த மட்டும் வச்சு முடிவு பண்ணிராத, இரை தேடி ரொம்ப தூரம் போற சாதி இது, மலையடிவாரத்துல ரெண்டும் ஒரே வானத்துல பூச்சி பிடிச்சிட்டு திரிய வாய்ப்பு இருக்கு.

அடுத்து எடுக்கையில ஸ்லோமோஷன்ல போடு, திரும்புற நேரத்த பிடி, நாலஞ்சு தடவ திரும்பியும் கவை விரியலன்னா ஸ்விஃப்ட்லெட்டுதான், சந்தேகமே வேண்டாம். பொறவு அந்த கரண்ட் கம்பியில வரிசையா உக்காந்திருக்க போட்டோவும் அனுப்பி இது எந்த உழவாரன்னு கேட்டிருக்க, உழவாரன் எதுவும் கம்பியில உக்காராதுய்யா, அது தகைவிலான், குடும்பமே வேற. கருப்பட்டி பார்சல்ல போட்டாச்சு, வந்ததும் போன் பண்ணு.

அம்மா