தோரணமும் நட்சத்திரமும்: இந்த மாத குரோஷா

எல்லோருக்கும் வணக்கம். நவராத்திரிக்கு முன்னால் வாசல் தோரணம் முடிக்கலாம் என்று பேசினோம் அல்லவா, அதற்கான அளவு இதோ. 3 அடி நிலைவாசலுக்கு நூலில் பின்னிய 11 மாவிலை போதும். பச்சை உல்லன் நூல், 4 மி.மீ. குரோஷா ஊசி (நுனியில் கொக்கி உள்ளது). 15 சங்கிலி போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் தொடங்கி 1 சிங்கிள் (குட்டைப் பின்னல்), 2 ஹாஃப் டபுள் (நடுத்தர உயரம்), 8 டபுள் (உயரமான பின்னல்), 2 ஹாஃப் டபுள், 1 சிங்கிள். நுனியில் 2 சங்கிலி விட்டு, முதலில் போட்ட சங்கிலியின் மறுபக்கமும் அதேபோல் திரும்பி வாருங்கள். என் கைக்கு ஓர் இலை ஏறக்குறைய 4 அங்குலம் வருகிறது. இறுக்கிப் போடுபவர்களுக்குக் குறையும்.

ஒன்று கவனியுங்கள்: இவை பின்னல்களின் அமெரிக்கப் பெயர்கள். பிரிட்டிஷ் வீடியோவில் 'டபுள்' என்று சொன்னால் நமக்கு அது சிங்கிள். போன முறை இது தெரியாமல் பாதி இலையைப் பிரித்தேன்.

கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்குப் பருத்தி நூல் எடுங்கள், ஊசி 2.5 மி.மீ. அக்ரிலிக் நூலில் கஞ்சி பிடிக்காது, துவண்டு தொங்கும். முடித்ததும் கெட்டியான ஜவ்வரிசிக் கஞ்சியில் முக்கி, பிளாஸ்டிக் விரித்த அட்டையில் முனைகளைக் குண்டூசியால் இழுத்துக் குத்தி, நிழலில் காயவிடுங்கள். சர்க்கரைப் பாகும் விறைப்பாக்கும்தான், ஆனால் நம் ஊர் எறும்புகளுக்கு அது விருந்து! சிவப்பு நூலை முதலில் தனியாக நனைத்துப் பாருங்கள், சாயம் போனால் வெள்ளையோடு சேர்க்க வேண்டாம்.

ஞாயிறு மாலைக்குள் ஓர் இலையாவது போட்டு இங்கே படம் அனுப்புங்கள். அப்புறம், மிச்ச நூலை யாரும் தூக்கிப் போடாதீர்கள், குஞ்சத்துக்கு ஆகும்.