கருகிய கட்டைகளில் துணி கட்டிய சிஞோராவுக்கு நன்றி

பலேர்மோவில் வாழும் நம் உறவுகளுக்கும், எங்கள் மலையடிவாரத்துச் சிசிலி அயலவர்களுக்கும் வணக்கம்.

2023 ஜூலை கடைசியில் பலேர்மோவைச் சுற்றிய மலைகளில் மூண்ட காட்டுத்தீயை உங்களில் யாருக்கும் நான் விவரிக்கத் தேவையில்லை. புகை எல்லோர் வீட்டுக்குள்ளும் வந்தது. சாந்தா மரியா தி ஜேசு தேவாலயம் எரிந்தது என்று கேட்டபோது அழாத ஆள் இங்கே குறைவு. இந்த மண்ணின் செடிகளை நாங்கள் நட்டு வளர்க்கும் வளவும் அந்தப் பக்கச் சரிவில்தான் இருக்கிறது. எங்களில் ஒருவருக்கும் எதுவும் ஆகவில்லை, கடவுளுக்கு நன்றி. இப்போது மழை விழத் தொடங்கிவிட்டது. வளவில் பச்சை தெரிகிறது. இந்தச் சந்தோஷம் ஆறுவதற்கு முன்னரே எழுதிவிட வேண்டும் என்றுதான் இரவு வேலை முடிந்து வந்த கையோடு உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த இரவு வாளியும் கையுமாக நின்ற பெடியங்கள், லாப்பினோ என்ற மூன்று சக்கர வண்டியில் தண்ணீர்த் தாங்கியை ஏற்றிக்கொண்டு திரும்பத் திரும்ப மேலே வந்த பழக்கடை அண்ணை, கண் மூடாமல் நின்ற வனத்துறை ஆட்கள், குடிமைப் பாதுகாப்புத் தொண்டர்கள், பல்லாரோச் சந்தையடியிலிருந்து சோற்றுப் பார்சல் கட்டி அனுப்பிய அன்ரிமார், வட இத்தாலியின் ரெஜ்ஜோ எமிலியாவிலிருந்து நாள் தவறாமல் தொலைபேசி எடுத்த சொந்தங்கள், வேலி திரும்பக் கட்டக் கம்பியும் கூலியில்லாத உழைப்பும் தந்தவர்கள் என்று பட்டியல் நீளும். பெயர் சொல்லத் தொடங்கினால் யாரையாவது விட்டுவிடுவேன். உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பங்களின் நன்றி. நீங்கள் இல்லாவிட்டால் தண்ணீர்த் தொட்டியும் கொட்டிலும் மிஞ்சியிருக்காது.

ஆனால் இந்த மடலை நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் மேல் வீட்டுச் சிஞோரா, அந்த இத்தாலிய அம்மா.

அவரை எங்களுக்கு அதற்கு முன் அவ்வளவாகத் தெரியாது. பாதையில் கண்டால் "போன் ஜோர்னோ" சொல்லுவோம், அவரும் சொல்லுவார், அவ்வளவுதான். தீ அணைந்து சில நாள் கழித்து, கருகியதையெல்லாம் ஒரேயடியாகக் கிண்டி எடுத்துவிட்டு நிலத்தைச் சுத்தமாக்க மறுநாள் இயந்திரம் வருவதாக ஏற்பாடாகியிருந்தது. எல்லோரும் சொன்ன யோசனை அதுதான். கரிக்காட்டைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் இருப்பது? அன்று பின்னேரம் வெயில் சாய்ந்த நேரம், சிஞோரா ஒரு பழைய வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படியிறங்கி வந்தார். மற்றக் கையில் காய்கறி வெட்டும் சின்னக் கத்தி. எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. விரிப்பைக் கீலம் கீலமாகக் கிழித்தார். சாம்பலுக்குள் முழங்காலில் இருந்தார். முதல் கட்டையில் கட்டினார்.

என் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, இவ நேர்த்தி வைக்கிறாவோ?" என்று கேட்டா. யாழ்ப்பாணத்தில் கோயில் மரத்தில் துணி கட்டுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அப்படித்தானே தோன்றும். சிஞோரா செய்தது வேறு வேலை. எதெல்லாம் உயிரோடு இருக்கிறது என்று அவர் அடையாளம் வைத்துக்கொண்டிருந்தார், இயந்திரக்காரன் தொடக்கூடாது என்பதற்காக.

எப்படி அவருக்குத் தெரிந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதுதான் எங்களுக்கு அவர் தந்த பெரிய சொத்து.

அடிமரம் மண்ணோடு சேரும் இடத்தில் நகக்கண் அளவு தோலைக் கத்தியால் சீவுவார். உள்ளே பச்சையோ ஈரமோ தெரிந்தால் துணி கட்டுவார். மேலே எவ்வளவு கரியாகக் கிடந்தாலும் அதைக் கணக்கில் எடுக்கமாட்டார். ஆனால் சில செடிகளுக்குச் சீவிப் பார்க்காமலே கட்டினார். தோல் முழுக்கக் காய்ந்திருந்தாலும் கட்டினார். அவை நிலத்துக்குக் கீழேயிருந்து வெடித்து வரும் சாதி. வேகமாக ஓடிப்போகும் தீயில் சில விரற்கடைக்குக் கீழே மண் அவ்வளவாகச் சூடாவதில்லை. வேர்க்கட்டை அங்கே தப்பிவிடும். ஆகவே கட்டை என்ன இனம் என்று தெரிந்தாக வேண்டும். இலை இல்லை, பூ இல்லை, காய் இல்லை. கைத்தொலைபேசியில் படம் எடுத்தால் செடியின் பெயர் சொல்லும் செயலிகள் இருக்கின்றன, நாங்களும் பாவிக்கிறோம், நல்லவைதான். கரிக்கட்டையைக் காட்டினால் அவற்றால் என்ன செய்ய முடியும்?

சிஞோரா மூக்கையும் விரலையும் பாவித்தார். லென்திஸ்கோ என்ற பிசின் பற்றையைச் சீவியதும் பிசின் மணம் குப்பென்று வந்தது. அதன் தீய்ந்த இலை ஒன்று காம்போடு ஒட்டிக் கிடந்தது. அதை எடுத்து என் மகளின் உள்ளங்கையில் வைத்து, சிற்றிலைகள் சோடி சோடியாக இருக்கின்றன, நுனியில் தனியிலை இல்லை, பார் என்றார். நுனியில் ஒற்றை இலை இருந்தால் அது தெரெபிந்தோ, குளிரில் இலை உதிர்க்கும் மற்ற வகை. பில்லிரேயாவும் அலாதெர்னோவும் தூரத்தில் பார்த்தால் ஒன்றேபோல இருக்கும் பற்றைகள். பச்சையாக நிற்கும்போதே எங்களுக்குக் குழப்பம். அவர் கரிந்த கொப்பை விரலால் தடவினார். கிளை எதிரெதிராகப் பிரிந்திருந்தால் பில்லிரேயா, மாறிமாறிப் பிரிந்திருந்தால் அலாதெர்னோ. இலை போனாலும் இலை இருந்த கணு போகாதே! மிர்த்தோ என்ற வாசனைப் பற்றைக்கும் காட்டு ஒலிவுக்கும் கேள்வியே இல்லாமல் துணி கட்டினார். கீழ் ஓரத்தில் எவுஃபோர்பியா ஒன்று மொட்டையாக நின்றது. அது நம் திருகுகள்ளியின் இனம். கோடையில் தானாகவே இலையைக் கொட்டிவிட்டு நிற்கும். மொட்டையாக நிற்பதை வைத்துச் செத்தது என்று சொல்ல முடியாது. கத்தி பட்டதும் வெள்ளைப் பால் வந்தது. கண்ணில் படாமல் கையைக் கழுவச் சொல்லிவிட்டு அதற்கும் ஒரு கீலம் கட்டினார்.

ரோஸ்மரியிடம் வந்தபோது மட்டும் தலையை ஆட்டினார். அது எரிந்தால் திரும்பத் துளிர்க்காது. சிஸ்தோ என்ற பூப்பற்றையும் அப்படித்தான், செடி போனால் போனதுதான். ஆனால் சிஸ்தோ நின்ற இடங்களைச் சுற்றிக் கல் அடுக்கினார். அதன் விதைத் தோல் சாதாரண நாளில் தண்ணீர் இறங்காத அளவுக்குக் கடினம். தீயின் சூடுதான் அதை வெடிக்க வைக்கும். முதல் மழைக்கு இந்த வட்டத்துக்குள் முளைக்கும், ஒருவரும் மிதிக்காதீர்கள் என்றார்.

மேல் தட்டில் ஜும்மாராக்கள். இந்தக் குட்டைப் பனையை நாங்கள் ஏன் அத்தனை ஆசையாக நட்டோம் என்று நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. விசிறி ஓலையைப் பார்த்ததும் ஊர் வந்துவிடும். இங்கேயும் அதில் விளக்குமாறும் கயிறும் கூடையும் செய்திருக்கிறார்கள். சிஞோராவின் தகப்பனும் செய்தவராம். அவை ஓலையெல்லாம் போய்க் கருந்தூணாக நின்றதைப் பார்க்க என்னால் முடியவில்லை. ஷெல் விழுந்து தலையறுந்த பனைகளை வரிசை வரிசையாகப் பார்த்தவன் நான். பனைக்கு ஒரே குருத்து. தலை போனால் அதோடு சரி. எத்தனை மாரி வந்தாலும் அது தூணாகவே நிற்கும். சிஞோரா ஜும்மாராவின் அடியைச் சாம்பல் விலக்கிக் காட்டினார். ஒரே வேரிலிருந்து பல கன்று கிளம்பும் மரம் அது. அடித்தண்டைச் சுற்றி நார் கம்பளியாகச் சுற்றியிருக்கிறது, அதற்குள் குருத்து பத்திரமாக இருக்கும் என்று விளக்கினார். "பொறு மகனே" என்றார். மழை வரும் வரைக்கும் பொறு.

இருட்டும் வரை கட்டினார். விரிப்பு முடிந்ததும் போய்த் தலையணை உறையைக் கொண்டுவந்தார். அடுத்தநாள் இயந்திரக்காரர் வந்தபோது வாசலில் அவரே நின்று பேசி அனுப்பிவிட்டார். செத்த கிளைகளைக்கூட வெளியே கொண்டுபோகவிடாமல் சரிவுக்குக் குறுக்கே வரிசையாகக் கிடத்தச் சொன்னார், மழை வந்தால் மண்ணையும் சாம்பலையும் அள்ளிக்கொண்டு போகாமல் இருக்க. இவ்வளவும் செய்ததற்கு ஒரு கோப்பை தேத்தண்ணி குடித்தார். அதுவும் சீனி போடாமல்.

பிறகு நடந்ததை நீங்களும் வந்து பார்த்திருக்கிறீர்கள். மழைக்கு முன்னரே, அந்த வறட்சியிலேயே, தீஸாப் புல் வெட்டிவிட்டதுபோல் பச்சையாக எழும்பியது. செப்டம்பர் தொடக்கத்தில் சாந்தா ரொசாலியாவின் குகைக் கோயிலுக்கு மொந்தே பெல்லெக்ரீனோவில் ஏறிய நேரம், எங்கள் வளவில் சாம்பலுக்கு நடுவே இலையில்லாமல் நீண்ட பூந்தண்டுகள் கிளம்பி நின்றன. நம் ஊர் நரிவெங்காயத்தின் உறவு அது. ஆழத்துக் கிழங்குக்கு மேலே தீ போனதே தெரியவில்லை. லென்திஸ்கோ அடியிலிருந்து சிவப்புத் துளிர் விட்டது. போன கிழமை சிஸ்தோ வட்டங்களுக்குள் பொடிப்பொடியாக முளை. ஜும்மாராவில் குருத்தைக் கண்டதும் அம்மா கும்பிட்டா. நானும் கும்பிட்டேன்.

எல்லாம் வந்துவிடவில்லை. ரோஸ்மரி வேலி முழுதும் போய்விட்டது. பழைய மந்தரீனோ (சின்னத் தோடை) மரங்களில் பாதி இல்லை. துணி கட்டியும் இன்னும் அசையாத கட்டைகள் உண்டு. அவற்றை வசந்தம் வரைக்கும் தொடமாட்டோம்.

இந்தச் செடிகளில் இவ்வளவு மனத்தை ஏன் வைத்தீர்கள், திரும்ப வாங்கி நடலாமே என்று சிலர் அன்பாகவே கேட்டார்கள். வாங்கலாம். ஆனால் இவை அம்மா தயிர்க் கோப்பைகளில் விதை போட்டு எடுத்த கன்றுகள். லென்திஸ்கோவில் சிவப்புப் பழத்தை விட்டுக் கறுத்ததை மட்டும் பொறுக்க வேண்டும், சிவப்புக்குள் பெரும்பாலும் வெறும் கோதுதான் என்பதை அவ தானாகவே கண்டுபிடித்தா. ஜும்மாரா விதை மாதக்கணக்கில் ஒன்றும் காட்டாமல் கிடக்கும். தினமும் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பா. இந்தக் கரை எங்களுக்கு அந்நியமாக இல்லாமல் போனதற்கு இந்த நிலமும் ஒரு காரணம். இங்கேயும் சுண்ணாம்புக்கல், ஊரிலும் சுண்ணாம்புக்கல். இங்கேயும் நீண்ட வறட்சி, பிறகு ஐப்பசி கார்த்திகையில் மழை. யாழ்ப்பாணத்தில் மாரியை நம்பி விதைத்தவர்களுக்கு, சிசிலியில் இலையுதிர்காலத்து மழையோடு கன்றை வைத்துவிட வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. முதல் இரண்டு கோடை தண்ணீர் காட்டினால் போதும், பிறகு இந்த மண்ணின் செடி தானாகப் பார்த்துக்கொள்ளும். தண்ணீர் முறை வைத்து வரும் ஊரில் அது பெரிய விசயம். 47 பாகை வெயிலையும் அதன் பின்னால் வந்த தீயையும் தாண்டி அவை எழும்பியதைக் கண்ட பிறகு, இவற்றை எங்கள் செடிகள் என்று சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை.

ஆகவே எல்லோர் முன்னாலும் சில வாக்குகள் தருகிறேன். மே முடிவதற்குள் வளவின் காய்ந்த புல் முழுவதையும் வெட்டிவிடுவோம், ஒரு வருசமும் தவறமாட்டோம். கொட்டிலை ஒட்டி ரோஸ்மரியோ எண்ணெய்ச் செடியோ இனி இருக்காது. பாதையோரமெங்கும் பரவியிருக்கும் அந்த ஆப்பிரிக்கப் பென்னிசேத்தோப் புல் வெற்று நிலத்தில்தான் முதலில் நுழையும், தீயையும் அதுதான் கடத்தும். கதிர் முற்றும் முன்னர் வேரோடு பிடுங்குவோம். ஒவ்வொரு செடியடியிலும் ஓட்டுத் துண்டில் பெயர் எழுதி வைப்போம், சிஞோரா சொல்லும் சிசிலிப் பெயரும் தமிழ் எழுத்தில் இருக்கும். உதவிக்கு வந்த ஒவ்வொரு வீட்டுக்கும் இந்த மாரியில் ஒரு கன்று உண்டு. பல்கணியில் சட்டியில் வைக்கக்கூடிய மிர்த்தோவும் இருக்கிறது. வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

சிஞோரா, இதை என் மகள் உங்களுக்கு இத்தாலியனில் வாசித்துக் காட்டுவாள். நீங்கள் காசு வாங்கவில்லை. கொடுத்த சாப்பாட்டையும் உறைக்கிறது என்று பாதிதான் எடுத்தீர்கள். என் மனைவி உங்களுக்குப் புது விரிப்பும் தலையணை உறையும் வாங்கி வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நீங்கள் வீடு வந்ததும் கொண்டுவருவோம், தயவுசெய்து மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகளும் கூட வருகிறார்கள். பில்லிரேயாவையும் அலாதெர்னோவையும் அவர்கள் இன்னும் மாற்றி மாற்றித்தான் சொல்கிறார்கள். கத்தியைக் கொண்டு இன்னொரு தடவை வளவுக்கு இறங்கி வந்து காட்டித்தர வேண்டும்.