புதன்கிழமை சாயங்காலம் கூட நின்றவர்களுக்கு

இந்த வருட பிஜிடிஐ (இந்தியாவின் தொழில்முறை கோல்ஃப் டூர்) சீசன் எனக்கு அசாமில் இருக்கும் டிக்பாயில் முடிந்துவிட்டது. நேரில் சொல்லப் போனால் பாதியிலேயே தொண்டை அடைத்துக்கொள்ளும், அதனால் எழுதிவிடுகிறேன்.

கோல்ஃப் பழக்கமில்லாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் டூரில் போட்டி பெரும்பாலும் செவ்வாய் தொடங்கி வெள்ளியில் முடியும். புதன் சாயங்காலம் இரண்டு நாள் ஆட்டம், 36 ஹோல் (குழி), முடிந்ததும் கட் விழும், முதல் 50 இடமும் அதே ஸ்கோரில் இருப்பவர்களும்தான் மேற்கொண்டு ஆடலாம். மற்றவர்களுக்குப் பரிசுப் பணம் கிடையாது. டிக்கெட், ரூம், சாப்பாடு, என்ட்ரி ஃபீஸ், கோல்ஃப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வரும் கேடிக்குக் கூலி எல்லாம் கைக்காசு. நான் ஆடிய 14 போட்டியில் 9ல் கட் மிஸ். இந்த மடலில் வருகிற எல்லோரும் அந்த ஒன்பது புதன்கிழமைகளில் என்னோடு நின்றவர்கள்.

அம்மா, தங்கச்சி கல்யாணத்துக்குப் போட்டிருந்த ஏலச்சீட்டை மூன்றாம் மாதமே தள்ளி எடுத்துக் கொடுத்தாய். தங்கச்சியும் ஒரு வார்த்தை பேசவில்லை. இதற்கு என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அகமதாபாத்தில் என்னோடு ரூம் பகிர்ந்த சண்டிகர் நண்பனுக்கு: விமானத்தில் வந்த பையில் என் பட்டர் (பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டை) வளைந்துபோயிருந்தது, நீ கட் தாண்டி ஆடிக்கொண்டிருந்தாய், நான் கிளம்பிக்கொண்டிருந்தேன், அப்போதும் உன் இன்னொரு பட்டரை என் பையில் செருகி அனுப்பினாய். இன்னும் அதில்தான் ஆடுகிறேன்.

ராயல் கொழும்பு மைதானத்துக்கு நடுவிலேயே களனிவெளி ரயில் பாதை போகிறது, ரயில் வந்தால் நின்று, அது போன பிறகுதான் அடிக்க வேண்டும். அங்கும் கட் மிஸ். அன்று ராத்திரியே கிளம்பப் பார்த்த என்னை, "ரெண்டு நாள் இருந்து சாப்பிட்டிட்டுப் போங்கோ தம்பி" என்று பிடித்து வைத்து இடியப்பமும் சொதியும் போட்ட வெள்ளவத்தை வீட்டு அம்மாவுக்கு நன்றி. அதற்கு முன்னால் அவர் என்னைப் பார்த்ததுகூட இல்லை.

செட்டிபாளையத்தில் கோவை கோல்ஃப் கிளப்பில் புல் வெட்டும் அக்காக்களுக்கு: நான் தோற்று வந்த வாரங்களில், நான் பயிற்சி செய்யும் மூலைக்கு மட்டும் கடைசியாகத் தண்ணீர் விட்டீர்கள். நான் கவனித்தேன்.

அப்புறம் என் கேடி அண்ணன். டிக்பாய்க்கு விமான டிக்கெட் எடுக்கப் பணமில்லாமல் இரண்டு பேரும் கோவையில் விவேக் எக்ஸ்பிரஸ் ஏறினோம். கன்னியாகுமரியிலிருந்து திப்ருகர் வரை 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் ரயில் அது, நாங்கள் தின்சுகியாவில் இறங்க கிட்டத்தட்ட மூன்று நாள் ஆனது, அதில் இரண்டு ராத்திரி, மட்டைகளின் தலை எதிலும் இடிபடக் கூடாது என்று என் பையைத் தன் பெர்த்தில் படுக்க வைத்துவிட்டு அவர் ஓரமாக உட்கார்ந்தே வந்தார். டிக்பாய் 1901லிருந்து ரிஃபைனரி ஓடும் ஊர். அங்கே குளிர்காலத்தில் நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. முதல் நாள் 76 அடித்துவிட்டு பட்டிங் பழகலாம் என்றால் வெளிச்சம் இல்லை. தங்கிய இடத்து வராந்தாவில், சிமெண்ட் தரையில் இரண்டு நாணயத்தை வைத்து நடுவே பந்தை உருட்டச் சொன்னார், ராத்திரி பத்து மணி வரை எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பந்தைத் திருப்பித் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார். மறுநாள் 69, கோல்ஃபில் எண் குறைந்தால்தான் நல்லது. ஒரே ஒரு ஷாட்டில் கட் போனது.

கூலியை நீட்டினேன். "வெச்சுக்கோ கண்ணு, ஊருக்குப் போய்ப் பாத்துக்கலாம்" என்றார். ஊருக்கு வந்தும் வாங்கவில்லை.

ஆர்டர் ஆஃப் மெரிட்டில் (வருடத் தரவரிசையில்) 60க்குள் வரவில்லை, டூரில் ஆடும் உரிமையான கார்டு போய்விட்டது, திரும்பவும் க்யூ ஸ்கூல் (தகுதிப் போட்டி) ஆட வேண்டும். சரி, ஆடலாம். அண்ணா, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன். அந்தப் பணத்தை இந்த முறை வாங்கிக்கொள்ள வேண்டும், அப்புறம்தான் க்யூ ஸ்கூலுக்கு இரண்டு டிக்கெட் போடுவேன்.