பதினான்காம் நிலைக்கு முன் அந்தச் சுவரை இடித்துவிடுங்கள்

பெருமதிப்பிற்குரிய ஆயர் ஆண்டகைக்கும், பங்குத்தந்தைக்கும், பங்குப் பேரவையினருக்கும் வணக்கம்.

நமது கல்லறைத் தோட்டத்தின் நடுவே, தலித் கிறிஸ்தவர்களான எங்களை மற்றச் சாதியினரிடமிருந்து பிரித்து நிற்கும் சுவரைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல எதுவுமில்லை. அது ஏன் எழுப்பப்பட்டது, எந்தப் பக்கத்தில் யாரைப் புதைக்கிறோம் என்பதெல்லாம் நீங்கள் அறிந்ததே. எங்கள் தெருவினர் கொடுத்த மனுக்களும் உங்கள் அலுவலகத்தில்தான் இருக்கின்றன. கடந்த அக்டோபர் கடைசியில் என் பெரியம்மாவை அடக்கம் செய்த நாளில் நடந்ததை நீங்கள் அறிய வேண்டும் என்பதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆலயத்தின் பீடத் துணிகளைத் துவைத்துக் கொடுத்தவர் அவர். தவக்கால வெள்ளிதோறும் எங்கள் தெருக் கெபியின் (சிறு குகைக்கோயிலின்) முன், இயேசுவின் பாடுகளைப் பதினான்கு நிலைகளாகத் தியானிக்கும் சிலுவைப்பாதை சொல்வார். 'பாரமான சிலுவை' என்ற சொல் வரும்போதெல்லாம் அவர் குரல் தழுதழுக்கும். அன்று மூன்றாம் நாளாக மழை. முன்வாசல் பூட்டியிருந்தது, அது எங்களுக்குரிய வழி இல்லை என்றார்கள். பெட்டியைச் சுமந்துகொண்டு வாய்க்கால் ஓரமாகச் சுற்றிப் பின்வழியே போனோம். எங்கள் பக்கம் பள்ளம் என்பதால் வெட்டிய குழியில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. வாளியால் இறைக்க இறைக்க ஊறியது. இறக்கிய பெட்டி மிதந்தது. அதன்மேல் கற்களை ஏற்றி, அவருடைய மகன் இரு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் சேற்றைத் தள்ளி மூடினோம். சுவருக்கு அப்பால், பத்தடி தூரத்தில், தண்ணீர் தேங்காத மேட்டு நிலம் வெறுமையாகக் கிடந்தது.

சிலுவைப்பாதையின் பதினான்காம் நிலையில் நாம் தியானிப்பதும் ஓர் அடக்கத்தைத்தான், இயேசுவின் அடக்கத்தை. அரிமத்தியா ஊர் யோசேப்பு, யூதருக்கு அஞ்சி மறைவாகச் சீடராக இருந்தவர் என்கிறார் நற்செய்தியாளர் யோவான். அந்த அச்சத்தை விட்டு அவர் வெளியே வந்த நாளில், குற்றவாளியாகக் கொல்லப்பட்டவரின் உடலைக் கேட்டு வாங்கி, தமக்கென்று பாறையில் வெட்டி வைத்திருந்த புதிய கல்லறையிலேயே வைத்தார். சீடத்துவம் என்பதை நான் அந்த மனிதரிடமிருந்தே புரிந்துகொள்கிறேன். தமக்குரிய கல்லறையை அவர் கொடுத்தார்; நாமோ காலியாகக் கிடக்கும் மண்ணைக்கூடக் கொடுக்க மறுக்கிறோம்.

சுவரைத் தொட்டால் பங்கின் அமைதி கெடும், காலம் கனியட்டும் என்று பேரவையில் சொல்லப்பட்டது. யாருடைய அமைதி? சாதிப் பாகுபாட்டின் சாயல்கூடக் கிறிஸ்தவர்களிடையே இருக்கலாகாது என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தமிழகத்து ஆயர்களிடமே 2003-இல் சொன்னார். இந்திய ஆயர் பேரவை 2016-இல் வெளியிட்ட கொள்கை ஆவணம், நாட்டின் ஏறத்தாழ 1.9 கோடிக் கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித் மக்கள் என்று ஒப்புக்கொண்டதுடன், சாதிப் பாகுபாடு பெரும் சமூகப் பாவம் என்றும் அறிவித்தது. இன்னும் எந்தக் காலம் கனிய வேண்டும்?

ஆகஸ்ட் 10 வந்தால் நாம் எல்லோரும் கறுப்புக் கொடி ஏந்துகிறோம். 1950-இல் அதே நாளில் வெளியான குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதியினர் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது அநீதி. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் திறந்த அந்தக் கதவு நமக்கும் திறக்க வேண்டும். அந்தப் போராட்டத்தில் என்றும் உடன் நிற்பேன். ஆனால் அரசிடம் நீதி கேட்கும் நாம், நம் கையிலுள்ள சாவியால் நம் வாசலைத் திறக்கவில்லையே! திருவிழாத் தேர் எங்கள் தெருமுனையோடு திரும்பிவிடுகிறது. பேரவையில் எங்கள் பெயர்கள் கடைசியில் வாசிக்கப்படுகின்றன. இயேசு நகர வாயிலுக்கு வெளியே கொல்லப்பட்டவர். அவரைப் பின்செல்வதாகச் சொல்லும் திருச்சபை, தன் மக்களையே வாயிலுக்கு வெளியே எப்படி நிறுத்துகிறது?

கோபத்தில் வார்த்தைகள் கடுமையாகியிருந்தால் பொறுத்தருளுங்கள். கேட்பது ஒன்றே: அந்தச் சுவரை இடித்துவிடுங்கள். ஒரே வாசல், ஒரே பதிவேடு, இறப்பின் வரிசைப்படி அடக்கம் என்று ஆயர் ஆண்டகை எழுத்தில் ஆணையிட வேண்டும். வரும் தவக்காலத்தின் முதல் வெள்ளிக்குள் இது நடந்தால், சிலுவைப்பாதையின் பதினான்காம் நிலையை என் பெரியம்மாவின் குழியருகே நீங்களே வந்து நடத்தித்தரும்படி, முன்வாசல் வழியாக எங்களோடு நடந்துவரும்படி, பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பங்கின் மகன்