கடல்நீர்த் தொட்டிப் பாசி: மருந்துக்கு முன் அடையாளம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் கடல்நீர் மீன்தொட்டி அமைக்கும் புதியவர்களில் பலர், பாறையிலும் மணலிலும் ஏதேனும் படரத் தொடங்கியவுடன், அது எவ்வகையைச் சேர்ந்தது என்று பார்ப்பதற்கு முன்பே மருந்துப் புட்டியைத் திறந்துவிடுகிறார்கள். இந்த அவசரத்தால் பாசியைவிட மீன்களும் பவளங்களும் நத்தைகளுமே அதிகம் பாதிக்கப்படுவதைக் கண்டுவருவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

தொட்டியில் படர்வன எல்லாம் ஒரே உயிர் அல்ல. புதிய தொட்டியில் முதல் சில வாரங்களில் மணல்மீது பழுப்புத் தூள்போலப் படிவது பெரும்பாலும் டயாட்டம். நீரிலுள்ள சிலிக்கேட்டைக் கொண்டு தன் ஓட்டை அமைத்துக்கொள்ளும் இந்த நுண்ணுயிர், அது தீர்ந்ததும் தானே குறைந்துவிடும். குழாய்நீரைத் தவிர்த்து, கரைந்த உப்புகளை நீக்கும் ஆர்.ஓ. மற்றும் டி.ஐ. வடிகட்டிகளில் சுத்திகரித்த நீரில் உப்பைக் கலந்து பயன்படுத்துவதைத் தவிர இதற்கு வேறு வைத்தியம் தேவையில்லை.

பச்சை முடிபோல வளரும் பாசியே பலரையும் சோர்வடையச் செய்வது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அதன் உணவு. மீன்களுக்கு அளவுக்கு மீறி இரை போடுவதும், உறைந்த இரை உருகிய நீரை அப்படியே தொட்டியில் ஊற்றுவதும் அவ்விரண்டையும் பெருக்குகின்றன. இங்கே நீர்ப் பரிசோதனைப் பெட்டி காட்டும் எண்ணைக் கண்டு ஏமாறக்கூடாது. பாசி செழித்திருக்கும் தொட்டியில் பாஸ்பேட் பூஜ்யம் என்று வருவது உண்டு. நீரில் கரைவதையெல்லாம் பாசி உடனுக்குடன் உறிஞ்சிக்கொள்வதும், பாறையும் மணலும் முன்பே பிடித்துவைத்த பாஸ்பேட்டை மெல்ல மெல்ல வெளியிட்டு அதற்கு ஊட்டம் அளிப்பதுமே அதற்குக் காரணம். இந்தப் பாசியை மருந்தால் கொன்று உள்ளேயே அழுக விட்டால், அது உறிஞ்சிய அத்தனையும் மீண்டும் நீரில் கரைந்து அடுத்த வளர்ச்சிக்கு உரமாகிவிடும். ஆகவே, கையால் பறித்தும் தூரிகையால் தேய்த்து உறிஞ்சுகுழாயால் இழுத்தும் அதைத் தொட்டிக்கு வெளியே கொண்டுவருவதே முதல் வேலை. பாசியை மேயும் டர்போ நத்தைகள், நுரையாக்கிக் கழிவை நீக்கும் ஸ்கிம்மர் என்னும் கருவி, சீரான நீர்மாற்றம், தொட்டியோடு இணைந்த தனித் தடுப்பில் சத்துக்களை உறிஞ்சுவதற்காக வளர்க்கப்படும் கீட்டோமார்ஃபா என்னும் பாசி ஆகிய அனைத்தும் அதற்குப் பின்னரே முழுப் பயன் தரும். பலன் தெரிய மாதங்கள் ஆகலாம்; அந்தப் பொறுமைக்கு ஈடான புட்டி எதுவும் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

செந்நிறப் படலமாகப் படர்ந்து, விரலால் தொட்டால் தோல்போல உரிந்து வருவது சயனோபாக்டீரியா. பெயரே சொல்வதுபோல அது பாக்டீரியா இனம். எரித்ரோமைசின் என்னும் ஆன்டிபயாட்டிக் அதைக் கொல்லும் என்பது உண்மைதான். ஆனால் படலம் மொத்தமாகச் செத்து அழுகும்போது நீரில் ஆக்சிஜன் குறைந்து மீன்கள் மூச்சுக்குத் தவிக்க நேரிடும். படலம் உருவான காரணம் அப்படியே இருந்தால் அது திரும்பவும் வரும். மனிதர்களின் நோய்க்குக் கொடுக்கப்படும் ஒரு மருந்தைத் தொட்டியில் கரைத்து, அந்த நீரைச் சாக்கடையில் கொட்டுவது, மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் உருவாக வழிவகுக்கும் செயல் என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது. படலத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, நீரோட்டம் எட்டாத மூலைகளுக்கும் நீரோட்டத்தை எட்டச் செய்தாலே பல தொட்டிகளில் நிலைமை சீராகிவிடும்.

இவற்றுள் மிகவும் கவனம் வேண்டுவது டைனோஃபிளாஜெல்லேட் என்னும் ஒருசெல் நுண்ணுயிர். பழுப்பு நிறச் சளி இழைகளாக, நுனியில் காற்றுக் குமிழிகளுடன், பகலில் தடித்தும் இரவில் மெலிந்தும் அது காணப்படும். அதன் சில வகைகளின் நச்சு, அதை மேயும் நத்தைகளைக் கொன்றுவிடும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறக்குறைய இல்லாமற்போன தொட்டிகளில்தான் இது பெரும்பாலும் தலைதூக்குகிறது என்பதால், பச்சைப் பாசிக்குரிய வைத்தியத்தை இதற்குச் செய்து பாஸ்பேட் நீக்கியைக் கூட்டினால் நோய் முற்றும். இதற்கு மாறாக, சத்துக்களைச் சற்றே உயர விட்டு, போட்டியிடும் பிற நுண்ணுயிர்களுக்கு இடம் கொடுக்க வேண்டும். நீரில் மிதக்கும் வகையாக இருந்தால் புறஊதா விளக்கும் உதவும். சயனோபாக்டீரியாவுடன் இதைக் குழப்பிக்கொள்வது எளிது. ஒரு சொட்டை எளிய நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும்.

எனவே, மருந்து விற்பவர்கள் வாடிக்கையாளரிடம் முதலில் ஒரு படத்தையாவது கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டுகிறேன். தங்கள் நாளிதழும் அறிவியல் பக்கத்தில் இந்த நான்கின் வண்ணப் படங்களை அருகருகே வெளியிட்டால், தொட்டியின் முன் குழம்பி நிற்பவர்கள் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ள ஏதுவாக இருக்கும்.

இப்படிக்கு,
கடல்நீர்த் தொட்டி பராமரிக்கும் வாசகர்